டியூலிப் உதிர்ந்தாச்சு, கத்தரி நாற்று காத்திருக்கு: பாத்தியை என்ன செய்வது?

மே மாதம் மூன்றாவது வாரம் வந்தால் டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் நம் வீடுகள் பலவற்றிலும் ஒரே நிலைமைதான். முன்வாசலில் டியூலிப் இதழெல்லாம் கொட்டி மொட்டைக் காம்பு நிற்கும், டாஃபடில் வாடித் தலை தொங்கியிருக்கும், உள்ளே ஜன்னலோரம் மார்ச்சில் விதை போட்ட கத்தரியும் மிளகாயும் தக்காளியும் தொட்டிக்குள் அடங்காமல் சாய ஆரம்பித்திருக்கும். விக்டோரியா தினம், அதாவது மே 25க்கு முந்தைய திங்கள்கிழமை, தாண்டிவிட்டால் உறைபனி பயம் பெரும்பாலும் இல்லை என்பது இங்கே தோட்டம் போடுகிறவர்களின் பழைய கணக்கு. நாற்றுக்கு நாள் வந்துவிட்டது, அது போக வேண்டிய பாத்தியில்தான் இன்னும் பச்சை மாறாமல் டியூலிப் இலை விரிந்து கிடக்கிறது. "அக்கா, இதை வெட்டிப் போட்டுடலாமா?" என்று அப்போது தொடங்கும் கேள்வி ஜூன் முடியும் வரை ஓயாது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலை தானாக மஞ்சளாகும் வரை பொறுங்கள்; பொறுக்க முடியாதென்றால் கிழங்கையே தோண்டித் தூக்கிப் போடுங்கள். இரண்டும் கெட்டானாக, கிழங்கை மண்ணில் விட்டுவிட்டுப் பச்சை இலையை மட்டும் அரிந்தெடுப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. பாத்தி முழுக்கக் கிழங்கு இருப்பதால் நாற்று வைக்கக் குழி தோண்டும்போதெல்லாம் மண்வெட்டி அதில் இடிக்கும், அடுத்த வசந்தத்தில் பூவுக்குப் பதில் ஒற்றை இலை மட்டும் எட்டிப் பார்க்கும். ஆனால் தெருவில் அதிகம் பேர் செய்வது இதைத்தான், பார்க்க உடனே சுத்தமாகிவிடுகிறது இல்லையா.

ஏன் பொறுக்கச் சொல்கிறார்கள் என்பது வெங்காயம் போட்டவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாள் மடிந்து காயும் வரை விட்டுத்தான் வெங்காயம் பிடுங்குவோம், அந்தத் தாளில் உள்ள சத்தெல்லாம் கீழே இறங்க வேண்டும் என்பதற்காக. இதுவும் அதே கதைதான். பூ முடிந்த பிறகு இலை வெயிலைக் குடித்துச் செய்யும் உணவுதான் கிழங்கில் சேர்கிறது, அடுத்த வருடப் பூவின் கருவும் பனிக்காலத்துக்கு முன்பே கிழங்குக்குள் உருவாகிவிடுகிறது. இதற்குப் பூ விழுந்ததிலிருந்து சுமார் ஆறு வாரம் பிடிக்கும். நம் ஊர்க்கணக்கில் சொன்னால் ஜூன் கடைசி, குளிர் நீண்ட வருடமென்றால் ஜூலை முதல் வாரம். ஒன்றை மட்டும் உடனே செய்யலாம், செய்யவும் வேண்டும்: வாடிய பூவின் தலையைக் கிள்ளிவிடுங்கள், காம்பு இருக்கட்டும். விட்டால் விதைப்பை உருண்டு திரண்டு, கிழங்குக்குப் போக வேண்டியதை அது தின்றுவிடும். நெதர்லாந்தில் கிழங்குக்காகவே டியூலிப் போடும் விவசாயிகள் வயல் முழுக்கப் பூத்ததும் தலைகளை எந்திரம் வைத்து வெட்டித் தள்ளிவிடுவது இதற்காகத்தான். பார்க்கிற நமக்குத்தான் வயிறு எரியும்.

இலையை முடிச்சுப் போட்டு, பின்னல் பின்னி, ரப்பர் பேண்டு மாட்டி நிறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். முக்கியமாக டாஃபடிலை. பார்க்க அடக்கமாக இருக்கும், ஆனால் வெயில் படும் பரப்பு பாதியாகிவிடும். அந்த நேரத்துக்கு ஒரு டீ குடிக்கலாம்.

சரி, எல்லாக் கிழங்குக்கும் ஒரே தீர்ப்பு கிடையாது. எது நிற்கும், எது நிற்காது என்று தெரிந்துகொண்டால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

டாஃபடிலுக்கு யோசிக்கவே வேண்டாம், இருக்கிற இடத்திலேயே விடுங்கள். நல்ல வடிகால் உள்ள மண்ணில் பல பத்து வருடங்கள் நிற்கக்கூடிய செடி அது, வருடா வருடம் கூட்டம் பெருகவும் செய்யும். அணில் அதைத் தொடாது, மானும் தொடாது, ஏனென்றால் அதில் லைகோரின் என்ற நஞ்சு இருக்கிறது. பல வருடமாக நன்றாகப் பூத்த கூட்டம் திடீரென்று இலை மட்டும் விட்டுப் பூ காட்டவில்லையென்றால் பெரும்பாலும் நெருக்கடிதான் காரணம். அப்போது, இலை முழுக்கக் காய்ந்த பிறகு, கூட்டத்தோடு தோண்டியெடுத்துப் பிரித்து இடம் விட்டு நடுங்கள். தோண்டும்போது கையில் அமுக்கிப் பாருங்கள், கொழகொழவென்றிருக்கும் கிழங்கில் புழு இருக்கலாம், அதைக் குப்பையில் போடுங்கள். மற்றபடி டாஃபடிலைத் தோண்டி எடுத்துச் சேமிப்பது வீண் வேலை.

டியூலிப்தான் தகராறு. கடையில் மூட்டை மூட்டையாக வரும் பெரிய பூ டியூலிப்பை நட்டவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கும்: முதல் வருடம் வாசலே ஜொலிக்கும், இரண்டாம் வருடம் பாதி, மூன்றாம் வருடம் அகலமாக ஒற்றை இலை, பூ கிடையாது. நாம் எதையோ தவறாகச் செய்துவிட்டோம் என்று நினைப்போம். உண்மையில் அந்தச் செடியின் பிறவிக் குணம் அது. நட்ட கிழங்கு பூத்து முடித்ததும் தன்னைத்தானே செலவழித்துவிட்டு, தன் இடத்தில் புதுக் கிழங்குகளை விட்டுப் போகிறது. இலைக்குப் போதிய வெயிலும் நாளும் கிடைத்தால் அதில் ஒன்றாவது பூக்கும் அளவுக்குப் பருக்கும், இல்லையென்றால் நாலைந்து சுண்டைக்காய்க் கிழங்குகளாகச் சிதறிவிடும். டியூலிப்பின் சொந்த ஊர் மத்திய ஆசிய மலைகள், அங்கே கோடை என்றால் காய்ந்த, சூடான, மழையில்லாத கோடை. இங்கே ஜூலையில் இடியோடு மழை, அடியில் தண்ணீர் வடியாத களிமண், போதாததற்கு நாம் தக்காளிக்கு விடும் தண்ணீர் வேறு. கிழங்கு அழுகாமல் என்ன செய்யும்?

ஆகவே இந்தக் கடைப் பெரிய பூ டியூலிப்பை ஒரு வருடப் பூவாக எண்ணிக்கொள்வதில் குற்ற உணர்ச்சி வேண்டியதில்லை என்பது என் கட்சி. நெதர்லாந்தின் கூக்கென்ஹாஃப் பூங்காவில் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் சுமார் 70 லட்சம் கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள், ஏறக்குறைய எட்டு வாரம் திறந்து வைக்கிறார்கள், பிறகு அத்தனையையும் தோண்டியெடுத்துவிட்டு அடுத்த வருடத்துக்குப் புதிதாக நடுகிறார்கள். டியூலிப்பில் அவர்களைவிடத் தேர்ந்தவர்கள் யார்? பூ அழகாக நிச்சயமாக வேண்டுமென்றால் புதுக் கிழங்குதான் வழி என்று அவர்களே முடிவு கட்டியிருக்கும்போது, பத்துக்குப் பத்தடி பாத்தியில் நாம் அதை நிரந்தரமாக்கப் போராட வேண்டியதில்லை.

ஆனால் எல்லா டியூலிப்பும் இப்படி இல்லை. டார்வின் ஹைப்ரிட் என்று அட்டையில் போட்டிருக்கும் வகை, அதிலும் அப்பல்டோர்ன் என்ற சிவப்பு, வெயிலும் வடிகாலும் இருந்தால் சில வருடமாவது ஒழுங்காகப் பூக்கும். க்ளூசியானா, டார்டா போன்ற குட்டைக் காட்டு டியூலிப்புகள் இன்னும் மேல், தாங்களாகவே பரவும். இவற்றை விட்டுவைப்பது லாபம். நடும்போதே 20 செ.மீ. ஆழத்தில் நட்டிருந்தால் மண்வெட்டியிலிருந்தும் தப்பும். அட்டையைத் தூக்கி எறிந்துவிட்டீர்கள், எந்த வகை என்று தெரியாதென்றால், இந்த வருடப் பூவின் அளவைப் போன வருடப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சுருங்கியிருந்தால் போகட்டும், விட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயத்தில் மட்டும் தயவு தாட்சண்யம் வேண்டாம். இலை முறுக்கிக்கொண்டு, தீயில் வாட்டின மாதிரி பழுப்புப் புள்ளியும் சாம்பல் பூஞ்சணமும் தெரிந்தால் அது டியூலிப் தீ என்ற பூஞ்சை நோய். கிழங்கோடு பிடுங்கி வெளியேற்றுங்கள், உங்கள் வீட்டு உரக்குழியில் போடாதீர்கள், மூன்று வருடத்துக்கு அதே இடத்தில் டியூலிப் நடாதீர்கள். கத்தரி, மிளகாய் தாராளமாக வைக்கலாம்.

ஹயசிந்த் டாஃபடிலுக்கும் டியூலிப்புக்கும் நடுவில். முதல் வருடக் கொத்து பருத்துக் கனமாக இருக்கும், அப்புறம் ஆண்டுக்காண்டு மணிகள் குறைந்து இளைத்துவிடும், ஆனால் வாசனை குறைவதில்லை. அந்த இளைத்த பூதான் எனக்கு உண்மையில் பிடிக்கும், மழையில் தலை சாய்ந்து விழுவதில்லை. விட்டுவையுங்கள். தோண்டினால் கையுறை போடுங்கள், சிலருக்கு அந்தக் கிழங்கைத் தொட்டாலே அரிப்பெடுக்கும்.

புல்வெளிக்குள் நட்ட குரோக்கஸ், பனித்துளிப் பூ போன்ற சின்னதுகளுக்கு எந்த வேலையும் இல்லை, அந்த இடத்தில் மட்டும் புல்வெட்டும் எந்திரத்தை மே கடைசி வரை ஓட்டாமல் இருந்தால் போதும். பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். நீலப்பூ ஸில்லா மட்டும் கொஞ்சம் கவனம்; அது விட்டால் வேலியைத் தாண்டிப் போகும், டொராண்டோவின் பள்ளத்தாக்குக் காடுகளில் நீலக் கம்பளமாக விரிந்து உள்ளூர்ச் செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. காட்டோரம் வீடென்றால் அதைத் தோண்டிவிடுவது நல்லது.

ஈஸ்டர் சமயத்தில் பலசரக்குக் கடையில் வாங்கி மேசையில் வைத்த தொட்டிகளில் டியூலிப்பைக் குப்பைக்கு அனுப்புங்கள், சூட்டில் அவசரமாகப் பூக்க வைத்ததில் அதற்கு உயிரே மிச்சமிருக்காது. டாஃபடிலையும் ஹயசிந்தையும் தோட்டத்தில் இறக்கிப் பார்க்கலாம், ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு அடுத்த வருடம் பூக்கக்கூடும்.

இனி இடப் பிரச்சினை. விட்டுவைப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு ஜூன் முழுவதும் பாத்தி கிடைக்காது, நமக்கோ கோடையே நாலு மாதம்தான். இதில் மூன்று வழி இருக்கிறது.

கலந்து நடுவது முதல் வழி. டியூலிப் கூட்டங்களுக்கு இடையில் இருக்கும் வெற்றிடத்தில் நாற்றை வைத்துவிட்டால் ஜூன் பாதிக்கு மேல் நாற்று எழும்பும்போது இலை படுத்துவிடும். கேட்க நன்றாக இருக்கிறது, காய்கறிக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கத்தரியும் மிளகாயும் இங்கே தழைக்கச் சூடான மண்ணும் முழு வெயிலும் வேண்டும், டியூலிப் இலை நிழல் அடித்தால் முதல் மூன்று வாரம் அப்படியே மலைத்து நிற்கும், அந்த மூன்று வாரத்தைச் செப்டம்பரில் திரும்ப வாங்க முடியாது. தண்ணீரும் ஒத்துவராது என்று மேலேயே சொன்னேன். பூச்செடிக்கு இது அருமையான வழி. டாஃபடில் நடுவே ஹோஸ்டாவோ டே லில்லியோ வைத்தால் இது படுக்கும் நேரத்தில் அது எழும்பி மூடிவிடும், வாசலுக்கு அது போதும்.

இரண்டாவது வழி, பச்சையாகவே இடம் மாற்றுவது. முள்கரண்டி மண்வெட்டியை ஆழமாக விட்டு, வேரும் மண்ணும் உதிராமல் கூட்டத்தோடு தூக்கி, வேலியோரமோ பெரிய தொட்டியிலோ அதே ஆழத்தில் புதைத்துத் தண்ணீர் விட்டால், இலை அங்கே கிடந்து பழுக்கும். டாஃபடில் இதைத் தாங்கும், ஒரு வருடம் பூக்காமல் கோபித்துக்கொள்ளலாம். டியூலிப்புக்கு வேர் அறுந்தால் கஷ்டம், திரும்ப விடாது. நல்ல வகை, பரிசாக வந்தது, விட மனமில்லை என்றால் மட்டும் இந்தச் சிரமத்தைப் படுங்கள்.

மூன்றாவது, இலை காய்ந்த பிறகு தோண்டிச் சேமித்து அக்டோபரில் மறுபடி நடுவது. டியூலிப்புக்குக் கோடையில் காய்ந்த இடம் வேண்டும் என்ற கணக்கில் பார்த்தால் இதுதான் அதற்குப் பிடித்த ஏற்பாடு. மண்ணை உதறி, நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, பெரியதை மட்டும் பொறுக்கி வலைப்பையில் போட்டுக் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும், 18 முதல் 20 டிகிரி இருந்தால் போதும், அடித்தளமே சரி. கராஜ் ஜூலையில் அடுப்பு. பழங்கள், முக்கியமாக ஆப்பிள், பக்கத்தில் இருக்கக் கூடாது; பழுக்கும் பழம் விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள் இருக்கும் பூக்கருவைக் கருக்கிவிடும். ஆனால் கவனியுங்கள், இந்த வழியில் கத்தரிக்கு இடம் ஜூலையில்தான் கிடைக்கிறது. காய்கறிப் பாத்தியைப் பொறுத்தவரை இது தீர்வே இல்லை, கிழங்கின் மேல் ஆசை உள்ளவர்களுக்கான பொழுதுபோக்கு.

சேமிக்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் வீடுகளில் பத்துப் பவுண்டு வெங்காய மூட்டையும் அதே அடித்தளத்தில், அதே மாதிரி வலைப்பையில்தான் இருக்கும். டாஃபடில் கிழங்கு உரித்தால்கூட வெங்காயம் மாதிரியே இருக்கும், இலை வெங்காயத்தாளை ஒத்திருக்கும். பிரிட்டனில் 2015இல் பொதுச் சுகாதாரத் துறையே சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு எழுதி, டாஃபடிலைக் காய்கறிப் பக்கத்திலிருந்து தள்ளி வைக்கச் சொன்னது, கீரை என்று நினைத்துச் சமைத்தவர்கள் நஞ்சேறிப் போனதால். பையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி ஒட்டுங்கள், சமையலறைக்குப் போகும் வழியில் மாட்டாதீர்கள். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் டச்சு மக்கள் பஞ்சத்தில் டியூலிப் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தது உண்மைதான், போர் முடிந்த 1945இலேயே, தங்கள் இளவரசி ஜூலியானாவுக்கு அடைக்கலம் கொடுத்ததற்கு நன்றியாக ஒட்டாவாவுக்கு ஒரு லட்சம் கிழங்கு அனுப்பியதும் உண்மைதான். அதற்காகக் கடைக் கிழங்கை யாரும் சுவைத்துப் பார்க்க வேண்டாம், அதில் மருந்து தெளித்திருக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஊர் ஞாபகத்துக்கு இங்கே தொட்டியில் கார்த்திகைப்பூ வளர்ப்பவர்களுக்கு இந்தக் காலண்டர் அப்படியே தலைகீழ். அது வெயில் காலத்தில் பூத்து, இலையுதிர் காலத்தில் அடங்கும், கிழங்கைப் பனிக்கு முன் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். டியூலிப் வெளியே போகும் அதே அக்டோபரில் கார்த்திகைக் கிழங்கு உள்ளே வரும். அதுவும் நஞ்சுதான், ஆகவே அதற்கும் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

அப்போ யார் எதைச் செய்வது? பின்வளவில் ஒரே ஒரு வெயில் பாத்தி, அதில் கத்தரி போட்டே ஆக வேண்டும், அங்கே இருப்பது கடை டியூலிப் என்றால் விக்டோரியா தினத்தன்று காலையிலேயே கிழங்கோடு தோண்டி உரக்குழிக்கு அனுப்புங்கள், அல்லது பழுப்புத் தாள் பையில் கட்டித் தோட்டக் கழிவு எடுக்கும் நாளில் வைத்துவிடுங்கள், மனதை அலைக்கழிக்க வேண்டாம். முன்வாசலில், காய்கறி வைக்காத இடத்தில் இருந்தால் பூத்தலையைக் கிள்ளிவிட்டு அப்படியே விடுங்கள், விருந்தாளிகள் வந்தால் மஞ்சள் இலையைப் பற்றி யாரும் கேட்கப் போவதில்லை. அடித்தள வாடகை வீட்டில் இருப்பவர்கள் தொட்டியில் மட்டும் நடுங்கள், மே மாதம் தொட்டியை நகர்த்தி ஓரமாக வைக்கலாம், வீடு மாறினால் கையோடு போகும். ஆனால் பனிக்காலத்தில் தொட்டி முழுதாக உறைந்து கிழங்கு வெந்தது போலாகிவிடும், கராஜுக்குள் சூடில்லாத மூலையில் வையுங்கள்.

என்னைக் கேட்டால், வருகிற அக்டோபரில் காய்கறிப் பாத்திக்குள் ஒரு கிழங்கும் நடவே வேண்டாம். பூப்பாத்தி வேறு, காய்ப்பாத்தி வேறு என்று பிரித்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. டாஃபடிலை வேலியோரமும் மரத்தடியிலும் வையுங்கள், மரம் தழைப்பதற்குள் அது பூத்து முடித்துவிடும், கோடையில் அந்த நிழலில் காய்கறி வராது, ஆகவே சண்டையில்லை. டியூலிப் ஆசை இருந்தால் ஒரு சின்ன மூட்டை, நவம்பர் தொடக்கத்தில் கடைகள் விலை குறைத்துத் தள்ளும்போது வாங்கி நட்டாலும் மண் உறையாதவரை பரவாயில்லை.

விட்டுவைக்கிறவர்கள் இப்போதே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. இலை முழுக்க மறைவதற்குள் பாத்தியைக் கைப்பேசியில் படம் எடுத்து, எந்தக் கூட்டம் எங்கே, எது பூக்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள், ஐஸ்கிரீம் குச்சியை நட்டு வைத்தாலும் சரி. அக்டோபரில் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் படம்தான் உதவும். பூக்காத கூட்டத்தைத் தூக்கிவிட்டு அங்கேயே புதிதாக நடுவதானால், மேலே கோழிவலை ஒரு துண்டு விரித்து ஓரங்களை மண்ணில் புதைத்துவிடுங்கள். எலும்புத்தூள் போடாதீர்கள், அந்த வாசனைக்கு ஸ்கங்கும் ரக்கூனும் ராத்திரியே வந்து கிளறும். அணிலுக்கு வாசனைகூட வேண்டாம், புதிதாகக் கிளறிய மண்ணைப் பார்த்தாலே போதும்.